எக்ஸ்போசித்தோ: மூதாதை இல்லாத ஒரு குடும்பப்பெயர்

ஸ்பானியக் குடும்பப்பெயர்களை ஆராய்வோர் அவற்றைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிப்பர். தந்தையின் பெயரிலிருந்து பிறந்தவை முதல் வகை: பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டஸ் ஆனான், மார்ட்டினின் மகன் மார்ட்டினஸ் ஆனான். ஊரையும் நாட்டையும் சுட்டுவன இரண்டாம் வகை: தொலேதோ, நவார்ரோ என்பன அவ்வாறு வந்தவை. மூன்றாம் வகை தொழில் பற்றியது: எர்ரேரோ என்றால் கொல்லன், சபத்தேரோ என்றால் செருப்புத் தைப்பவன். நான்காம் வகை உருவம் பற்றியது: தெல்காதோ மெலிந்தவன், ரூபியோ பொன்னிற மயிருடையவன். இந்நான்கனுள் எதிலும் அடங்காத பெயர் ஒன்று உண்டு. அது தன்னைத் தாங்குபவர் யாருடைய மகன் என்று சொல்லாது. எந்த ஊரார், என்ன தொழிலர் என்றும் சொல்லாது. ஒரு மனிதருடைய வாழ்வின் தொடக்க நாள்களில், அவர் அறியாமலேயே அவருக்கு நிகழ்ந்த ஒரே ஒரு செயலை மட்டும் சொல்லும். அப்பெயர் எக்ஸ்போசித்தோ.

இலத்தீன மொழியில் 'எக்ஸ்போனெரே' என்னும் வினைக்கு வெளியே வைத்தல் என்பது பொருள். அதிலிருந்து பிறந்த 'எக்ஸ்போசித்துஸ்' என்னும் சொல் வெளியே வைக்கப்பட்டவனைக் குறிக்கும். பெற்றோரால் தெருவிலோ தேவாலய வாசலிலோ விடப்பட்ட பச்சிளங் குழந்தையைச் சுட்ட இச்சொல் ஸ்பானிய மொழியில் முதலில் பொதுப்பெயராக வழங்கியது. பின்னர் சட்ட நூல்களிலும் மருத்துவமனைக் கணக்குகளிலும் திருமுழுக்குப் பதிவேடுகளிலும் ஒரு பிரிவின் பெயராயிற்று. இறுதியில், அக்குழந்தைகள் வளர்ந்து, மணந்து, தாமே பிள்ளைகளைப் பெற்றபோது, குடும்பப்பெயராக நிலைத்தது. ஒரு வருணனை பிரிவாகி, பிரிவு பெயராகி, பெயர் பரம்பரைச் சொத்தான இந்தப் பயணம் குடும்பப்பெயர் என்னும் ஏற்பாடு உண்மையில் எவ்வாறு இயங்குகிறது என்பதற்கு மிகத் தெளிவான சான்று. குடும்பப்பெயர் குருதியின் பதிவு என்றே பலரும் நம்புகின்றனர். எக்ஸ்போசித்தோவின் வரலாறு, அது முதன்மையாக எழுதுகோலின் பதிவு என்று காட்டுகிறது.

எழுதுகோல் யாருடைய கையில் இருந்தது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் பெருநகரங்களில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. தொலேதோவில் கர்தினால் மெந்தோசாவின் விருப்பப்படி எழுப்பப்பட்ட சாந்தா குரூஸ் மருத்துவமனை அவற்றுள் புகழ்பெற்றது. இன்று அக்கட்டடம் அருங்காட்சியகமாக நிற்கிறது. மத்ரித் நகரில் அத்தகைய இல்லத்திற்கு 'இன்குளூசா' என்று பெயர். அங்கிருந்த கன்னி மரியாவின் திருவுருவத்திற்கு வழங்கிய அப்பெயர், காலப்போக்கில் ஸ்பானிய மொழியில் இவ்வகை இல்லங்கள் அனைத்திற்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. இல்லத்தின் சுவரில் ஒரு சுழல்பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். வெளியே நிற்பவர் குழந்தையை அதில் வைத்துச் சுழற்றி மணியடித்துவிட்டுப் போகலாம். உள்ளே இருப்பவர் வெளியே நிற்பவரின் முகத்தைக் காண முடியாது. குழந்தையின் உயிரையும் தாயின் மறைவையும் ஒருசேரக் காக்க எண்ணிய ஏற்பாடு அது.

உள்ளே வந்த குழந்தைக்கு முதலில் நிகழ்ந்தது பதிவு. வந்த நாள், நேரம், உடுத்தியிருந்த துணி, உடன் வந்த துண்டுச்சீட்டு, திருமுழுக்கு பெற்றதா என்ற குறிப்பு ஆகியவை ஏட்டில் ஏறின. 1563இல் முடிவுற்ற திரெந்து பொதுச்சங்கத்தின் பின்னர்த் திருமுழுக்குக்கும் திருமணத்துக்கும் ஒழுங்காக ஏடு வைப்பது கத்தோலிக்கப் பங்குகளின் கடமையாயிற்று. அந்த ஏட்டில் குழந்தையின் பெயருக்குப் பின்னால் தந்தையின் பெயர் எழுத வேண்டிய இடம் ஒன்று இருந்தது. அந்த இடம் வெறுமையாக இருப்பதை நிர்வாகம் விரும்பாது. எனவே அங்கே தந்தைக்குப் பதில் நிகழ்வு எழுதப்பட்டது. ஹுவான் என்று திருமுழுக்குப் பெற்ற குழந்தை ஹுவான் எக்ஸ்போசித்தோ ஆயிற்று. எழுதியவர் எவரும் அவமதிக்கும் நோக்கத்தோடு எழுதினார் என்று கொள்ள வேண்டியதில்லை. இருந்த ஒரே செய்தியை எழுதினார். அந்தச் செய்தியோடு ஓர் உயிர் ஆயுள் முழுவதும் நடமாட வேண்டியிருக்கும் என்பதை ஏடு எண்ணிப் பார்க்கவில்லை.

அக்குழந்தைகளுள் பெரும்பாலானவை நெடுநாள் நடமாடவும் இல்லை. தாய்ப்பால் இன்மை, நெரிசல், தொற்றுநோய், கிராமத்துச் செவிலித்தாயரிடம் கொண்டு செல்லப்பட்ட நெடும்பயணம் ஆகியவற்றால் இல்லங்களில் இறப்பு மிகுந்திருந்தது. ஆகவே இன்று எக்ஸ்போசித்தோ என்ற பெயருடைய ஒவ்வொரு குடும்பமும் பிழைக்காத பலரிடையே பிழைத்த ஒருவரிடமிருந்து வந்தது.

கைவிடப்பட்டவர் என்றால் மணவுறவுக்கு வெளியே பிறந்தவர் என்று சமூகம் பொருள் கொண்டது. ஆவணங்கள் அவ்வாறு சொல்லவில்லை. பஞ்சத்தாலும், தாய் இறந்ததாலும், தந்தை வேலை தேடிப் போய்த் திரும்பாததாலும் முறையாக மணந்த ஏழைகளும் தம் குழந்தைகளைச் சுழல்பெட்டியில் வைத்தனர். குழந்தையின் துணியில் செருகப்பட்ட சீட்டுகளில், பின்னாளில் வந்து மீட்டுக்கொள்வதாக எழுதியவர்கள் உண்டு. அடையாளத்திற்காகப் பாதி நாடாவையோ பாதி படத்தையோ வைத்தவர்கள் உண்டு. உண்மையிலேயே திரும்பி வந்தவர்களும் உண்டு. 'வெளியே வைக்கப்பட்டது' என்பது ஒரு நிகழ்வின் பதிவு. ஊரார் அதைப் பிறப்பின் தீர்ப்பாக வாசித்தனர். குருதித் தூய்மைக்குச் சான்று கேட்ட பேராலயக் குழுக்களும், உயர்கல்லூரிகளும், படைத்துறைத் திருச்சபை அமைப்புகளும் நிறைந்த அன்றைய ஸ்பெயினில் பாட்டன் பெயரைச் சொல்ல இயலாதவனுக்குக் கதவுகள் பல மூடியே இருந்தன. அவனது குற்றத்திற்குச் சாட்சியாக நின்றது அவன் பெயரே.

இந்த நிலைக்கு எதிராக ஓர் அரசு எடுத்த துணிவான நடவடிக்கை 1794 சனவரியில் வந்தது. மன்னர் நான்காம் கார்லோஸ் வெளியிட்ட ஆணை, பெற்றோர் அறியப்படாத குழந்தைகள் அனைவரையும் அரச அதிகாரத்தால் சட்டத்திற்குட்பட்ட பிறப்பினராக அறிவித்தது. குடிசார் உரிமைகள் எதிலும் அவர்களுக்கு வேறுபாடு கூடாது. அவர்கள் பொதுக்குடிகளுள் நல்லோராகவே கொள்ளப்பட வேண்டும். அவர்களை இழிபிறப்பாளர் என்னும் பொருள்படும் வசைச்சொற்களால் அழைப்போர் நீதிமன்றத்தில் அச்சொல்லைத் திரும்பப் பெற வேண்டும். தண்டத்தொகையும் கட்ட வேண்டும். எந்தெந்தச் சொற்கள் வசை என்பதை ஆணை ஒன்றொன்றாகப் பட்டியலிட்டது. 1796இல் வந்த மற்றோர் ஒழுங்குமுறை, குழந்தையை இல்லத்திற்கு எடுத்து வருவோரை யாரும் வழிமறித்து விசாரிக்கலாகாது என்றது. பிறப்பைக் கொண்டே மனிதரைத் தரம்பிரித்த ஒரு முடியாட்சியிலிருந்து இத்தகைய சட்டம் வந்தது வியப்புக்குரியது.

ஆணையின் எல்லையும் அதற்குள்ளேயே இருந்தது. வசைச்சொற்களின் பட்டியலில் எக்ஸ்போசித்தோ இல்லை. இருக்கவும் முடியாது, அந்தக் குழந்தைகளைச் சுட்ட சட்டத்திற்கே அச்சொல்தான் பயன்பட்டது. சட்டம் யாரைக் காக்க முனைந்ததோ அவர்களை அடையாளம் காட்டிய சொல்லும், ஊரார் யாரை இழித்தனரோ அவர்களை அடையாளம் காட்டிய சொல்லும் ஒன்றே. பிறர் வாயிலிருந்து வரும் வசையைத் தண்டிக்கலாம். தன் பெயரைத் தானே சொல்லும்போது வெளிப்படும் செய்தியை எந்தச் சட்டம் தண்டிக்கும்?

இப்பெயர் 'பரவியது' என்று சொல்லும்போது கவனம் தேவை. பெர்னாண்டஸ் என்ற பெயர் ஒரு கப்பலில் ஏறிப் புதிய நிலத்தில் இறங்கிக் கிளைத்தது என்று சொன்னால் ஓரளவு பொருந்தும். எக்ஸ்போசித்தோ அவ்வாறு மட்டும் பரவவில்லை. சுழல்பெட்டியும் ஏடும் சென்ற இடமெல்லாம் அது புதிதாகப் பிறந்தது. ஒரே இரவில் ஒரே இல்லத்திற்கு வந்த இரு குழந்தைகள் ஒரே பெயரைப் பெற்றனர். அவர்களுக்கிடையே எந்த உறவும் இல்லை. நூறு நகரங்களில் நூறாண்டுகளாக இதுவே நிகழ்ந்தது. எனவே இப்பெயருக்கு எத்தனை கைவிடப்பட்ட குழந்தைகளோ அத்தனை தோற்றுவாய்கள்.

இத்தாலி இதற்கு நல்ல சான்று. நேப்பிள்ஸ் நகரின் அன்னுன்சியாத்தா இல்லத்தில் சுழல்பெட்டி வழியாக வந்த குழந்தைகளின் கழுத்தில் ஈய முத்திரை கட்டப்பட்டது. ஏட்டில் அவர்களுக்கு எஸ்போசித்தோ என்ற பெயர் இடப்பட்டது. நேப்பிள்ஸ் 1503 முதல் 1707 வரை ஸ்பானிய முடியின் கீழ் இருந்ததைக் கொண்டு இது ஸ்பெயின் தந்த பெயர் என்று கருதிவிடக் கூடாது. ஒரே இலத்தீனச் சொல்லும் ஒரே வகை நிறுவனமும் இரு நிலங்களிலும் ஒரே விளைவைத் தந்தன. மற்ற இத்தாலிய நகரங்கள் வேறு பெயர்களைத் தந்தன: உரோமையில் புரோயெத்தி, அதாவது எறியப்பட்டவர், புளோரன்சில் 1445இல் திறக்கப்பட்ட குழந்தைகள் இல்லத்தின் பெயரால் இன்னொச்செந்தி, அதாவது மாசற்றோர், மிலானில் மருத்துவமனையின் புறாச் சின்னத்தால் கொலொம்போ. ஒரே அவலத்தை ஒரு நகரம் எறிதலாகவும், ஒரு நகரம் மாசின்மையாகவும், ஒரு நகரம் புறாவாகவும் எழுதியது. நேப்பிள்சில் ஜோவாக்கிம் மூராவின் ஆட்சிக்காலத்தில், அதாவது 1808க்கும் 1815க்கும் இடையில், புதிய குழந்தைகளுக்கு எஸ்போசித்தோ என்று பெயரிடும் வழக்கம் ஒழிக்கப்பட்டது. சுழல்பெட்டி 1875இல் மூடப்பட்டது. ஆயினும் எஸ்போசித்தோ இன்றும் அந்நகரின் மிகப் பரவலான குடும்பப்பெயர்களுள் ஒன்று.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், பெயரிடுதலில் வேறொரு முயற்சி நடந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியூபாவின் ஆயராக இருந்த ஹெரோனிமோ வால்தேஸ், ஹவானாவில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு ஓர் இல்லம் அமைத்தார். அங்கு வந்த குழந்தைகளுக்கு அவருடைய குடும்பப்பெயரே வழங்கப்பட்டது. நிகழ்வைச் சொல்லும் பெயருக்குப் பதிலாக ஒரு மதிப்புக்குரிய மனிதரின் பெயர். இதைவிட மேலான அருட்செயல் வேறு என்ன இருக்க முடியும் என்று தோன்றும். ஆனால் ஹவானாவில் வால்தேஸ் என்றாலே இல்லத்துப் பிள்ளை என்று ஊர் புரிந்துகொண்டது. சொல் மாறிற்று, வாசிப்பு மாறவில்லை. 1809இல் ஹவானாவில் பிறந்து, அவ்வில்லத்தில் விடப்பட்டு, அப்பெயரைப் பெற்றவர் கவிஞர் காப்ரியேல் தெ லா கொன்செப்சியோன் வால்தேஸ். பிளாசிதோ என்ற புனைபெயரால் அறியப்பட்ட அவருடைய தாய் ஸ்பானிய நடனக்காரி; தந்தை கலப்பின முடிதிருத்துநர். அடிமைகளின் கிளர்ச்சிச் சதியில் பங்கு கொண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1844இல் மத்தான்சாஸ் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கியூபாவின் 19ஆம் நூற்றாண்டுப் புதினங்களுள் தலையாயதாகப் போற்றப்படும் சிரிலோ வில்யாவெர்தேயின் 'செசிலியா வால்தேஸ்' இந்தப் பெயரையே கதையின் அச்சாகக் கொண்டது. 1882இல் முழுவடிவம் பெற்ற அப்புதினத்தில், ஒரு செல்வந்தர் தம் மகளை இல்லத்தில் சேர்ப்பித்து அவளுக்கு வால்தேஸ் என்ற பெயர் கிடைக்கச் செய்கிறார். அந்தப் பெயர் தந்தையை மறைக்கிறது. அதனால் செசிலியாவும் அவருடைய மகனும் தாம் உடன்பிறந்தோர் என்று அறியாமலேயே காதலிக்கின்றனர். பெயர் காக்கும் என்று எண்ணிய மறைவே பேரழிவுக்கு வழியாகிறது. யாருடைய மதிப்பைக் காக்கப் பெயரிடப்பட்டதோ அந்தத் தந்தையின் வீட்டையே அது தாக்குகிறது. குழந்தையின் பொருட்டு எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் பெயர் பல நேரங்களில் பெரியவர்களின் பொருட்டு எழுதப்பட்டது என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்வது அரிது.

மெக்சிகோவிலும் அதே வழி பின்பற்றப்பட்டது. பேராயர் பிரான்சிஸ்கோ அந்தோனியோ தெ லோரென்சானா 1767இல் மெக்சிகோ நகரில் நிறுவிய இல்லத்தின் குழந்தைகள் லோரென்சானா என்ற பெயரைப் பெற்றனர். 1800இல் அவர்களுள் ஒரு குழுவினர், அன்று ஸ்பெயினின் தொலைதூர எல்லையாக இருந்த கலிபோர்னியாவுக்குக் குடியேற்றத்தை வளர்ப்பதற்காகக் கப்பலேற்றப்பட்டு அங்கிருந்த குடும்பங்களுக்குப் பங்கிட்டு அளிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான அப்போலினாரியா லோரென்சானா, கிடைத்த தாள்களில் எழுத்துகளைப் பார்த்து எழுதித் தாமே எழுதக் கற்றார், பிறருக்கும் கற்பித்தார், சான் தியேகோ மறைபரப்பு நிலையத்தில் நோயாளிகளைப் பேணினார், நிலவுடைமையும் பெற்றார். அப்பகுதி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கைக்குப் போன பின்னர் நிலங்களை இழந்தார். 1878இல், பார்வை இழந்த முதுமையில், அவர் சொல்லச்சொல்ல எழுதப்பட்ட வாழ்க்கைக் குறிப்பு இன்று கலிபோர்னிய வரலாற்றின் முதன்மைச் சான்றுகளுள் ஒன்று. ஒரு பேராயரின் குடும்பப்பெயர் கலிபோர்னியாவில் வேரூன்றியது. அப்பேராயருடைய குருதிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

1794இன் ஆணையால் அரசு இக்குழந்தைகளுக்குத் தந்தையின் இடத்தில் நின்றது. அந்தத் தந்தைமை எதற்குப் பயன்பட்டது என்பதை ஒன்பது ஆண்டுகளில் உலகம் கண்டது. பெரியம்மைத் தடுப்புப் பாலைக் குடியேற்ற நாடுகளுக்குக் கொண்டுசெல்ல மருத்துவர் பிரான்சிஸ்கோ சவியேர் பால்மிஸ் தலைமையில் ஒரு குழு 1803 நவம்பர் 30 அன்று லா கொருன்யா துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. குளிரூட்டும் வசதி இல்லாத காலம். பால் கெடாமல் கடலைக் கடக்க உயிருள்ள உடல்கள் தேவைப்பட்டன. அதுவரை அம்மை காணாத 22 சிறுவர்கள் கப்பலில் ஏற்றப்பட்டனர். ஒருவன் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்தவன் கையில் செலுத்தி, இப்படியே கைக்குக் கையாகத் தடுப்புப் பால் அமெரிக்காவை அடைந்தது. அச்சிறுவர்களுள் பெரும்பாலோர் கைவிடப்பட்டோர் இல்லங்களிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். லா கொருன்யா இல்லத்தின் தலைவி இசபெல் சென்தால் அவர்களைப் பேண உடன் சென்றார். அப்பயணம் எண்ணற்ற உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. அந்த உயிர்கள் காக்கப்பட, பெற்றோரின் இசைவு கேட்க வேண்டாத குழந்தைகள் கிடைத்தது வசதியாயிற்று என்பதிலும் ஐயமில்லை. சட்டத்தில் சமமானவர்கள் நடைமுறையில் எளிதில் எடுத்தாளத் தக்கவர்களாக இருந்தனர்.

புவெனோஸ் ஐரெஸ் நகரில் அரசப் பிரதிநிதி வெர்த்திஸ் 1779இல் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லத்தை நிறுவினார். அதன் செலவை ஈடுகட்ட, கோர்தோபாவில் இயேசு சபையார் விட்டுச்சென்ற அச்சுப்பொறி கொண்டுவரப்பட்டு 1780இல் ஓர் அச்சகம் தொடங்கப்பட்டது. 'எக்ஸ்போசித்தோக் குழந்தைகளின் அச்சகம்' என்பதே அதன் பெயர். அந்நகரின் முதல் செய்தித்தாள் 1801இல் அங்கேதான் அச்சாயிற்று. 1810 மே புரட்சியின் குரலாக வெளிவந்த 'கசேத்தா'வும் அங்கேதான் அச்சாயிற்று. ஒரு நாட்டின் விடுதலை எழுத்துகளின் அடியில் பதிப்பக முகவரியாக அச்சொல் இடம்பெற்றது. பின்னர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நேப்பிள்சிலிருந்து கூட்டங்கூட்டமாக வந்தோர் தம் எஸ்போசித்தோவையும் அங்கு கொண்டுவந்தனர். ஸ்பானிய வடிவமும் இத்தாலிய வடிவமும் அர்ஜென்டினாவின் தெருக்களில் அருகருகே நின்றன. ஓரெழுத்து வேறுபாடுடைய இரு பெயர்களையும் ஒரே குலத்தின் கிளைகள் என்று கொள்ளும் ஆய்வாளர் இரு முறை பிழை செய்கிறார்: இரு வடிவங்களும் உறவுடையன அல்ல, ஒவ்வொரு வடிவத்தினுள்ளும் இருப்போரும் உறவினர் அல்லர்.

ஸ்பானியப் பெயரிடு முறை இன்னொரு நுட்பத்தையும் மறைத்து வைத்துள்ளது. அங்கு ஒருவருக்கு இரண்டு குடும்பப்பெயர்கள். மரபுப்படி முதலில் தந்தையின் முதற்பெயர், பின்னர் தாயின் முதற்பெயர் வந்தது. எக்ஸ்போசித்தோ என்ற பெயருடைய ஒருத்தி லோபஸ் என்பவரை மணந்தால் அவள் பிள்ளைகள் லோபஸ் எக்ஸ்போசித்தோ ஆவர். பேரப்பிள்ளைகளிடம் எக்ஸ்போசித்தோ இராது. ஆகவே இன்று இப்பெயர் காணப்படுவது பெரும்பாலும் இல்லங்களில் வளர்ந்த ஆண்கள் வழியாகவே. அதே சுழல்பெட்டி வழியாக வந்த பெண் குழந்தைகளின் வழித்தோன்றல்கள் இரண்டே தலைமுறையில் பிற பெயர்களுக்குள் கலந்துவிட்டனர். கைவிடப்பட்டோர் வரலாற்றைக் குடும்பப்பெயர் கொண்டு மட்டும் எழுதுபவர் அதில் பாதியை எழுதாமலே விடுகிறார்.

மீதிப் பாதியும் முழுமையாகத் தெரிவதில்லை. 1921இல் ஸ்பானியச் சட்டம் எக்ஸ்போசித்தோ என்ற பெயரை மாற்றிக்கொள்ள வழிவகுத்தது. 1957ஆம் ஆண்டுக் குடிசார் பதிவுச் சட்டம், அறியாப் பிறப்பைக் காட்டும் இப்பெயரையும் இதையொத்த பெயர்களையும் மாற்ற இடமளித்தது. பெற்றோர் தெரியாத குழந்தைக்குப் பதிவாளரே மக்களிடையே வழக்கமாக உள்ள குடும்பப்பெயர்களை இட வேண்டும் என்றும் அது விதித்தது. மனிதத்தன்மை உள்ள விதி அது. அதன் விளைவை ஆய்வுலகம் உணர வேண்டும். வழக்கமான பெயர்கள் என்றால் கார்சியா, லோபஸ், மார்ட்டினஸ் போன்றவை. அதாவது ஸ்பெயினின் மிகப் பரவலான பெயர்கள் ஒவ்வொன்றினுள்ளும் பெயர் தெரியாத தந்தையரின் பிள்ளைகள் வந்து சேர்ந்துள்ளனர். கார்சியா என்ற பெயர் இடைக்காலப் பம்ப்லோனா மன்னர்களின் பெயராக இருந்தது உண்மை. இன்று அப்பெயரைத் தாங்குவோரிடம் குலச்சின்னம் பொறித்த தட்டை விற்கும் வணிகர் அம்மன்னர்களை நினைவூட்டுவார். பதிவாளரை நினைவூட்ட மாட்டார்.

கைவிடப்பட்டோரின் பெயர் என்று எக்ஸ்போசித்தோவை மட்டும் தனித்துக் காண்பது இதனால்தான் பிழை. குடும்பப்பெயரைக் கொண்டு இனக்கலப்பையும் இடப்பெயர்வையும் சமூக உயர்வையும் அளக்கும் ஆய்வுகள் பெருகிவரும் காலம் இது. கணினி வந்தபின் இலக்கக்கணக்கான பெயர்களை ஒரே மூச்சில் வகைப்படுத்த முடிகிறது. அந்த வகைப்பாட்டின் அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது: ஒரே பெயர் என்றால் ஒரே தோற்றம். எக்ஸ்போசித்தோ அந்நம்பிக்கையை வெளிப்படையாகப் பொய்யாக்குகிறது. வால்தேசும் லோரென்சானாவும் ஓரளவு மறைவாகப் பொய்யாக்குகின்றன. கார்சியாவும் லோபசும் முற்றும் மறைவாகப் பொய்யாக்குகின்றன. பெயர்ப்பட்டியலைத் தரவாகக் கொள்பவர் முதலில் கேட்க வேண்டியது, இப்பெயரை எழுதியவர் யார், எந்தத் தேவைக்காக எழுதினார் என்பது. அதன் பின்னரே இப்பெயரைத் தாங்குபவர் யார் என்ற வினாவுக்குப் பொருள் உண்டு.

இப்பெயரை மாற்றிக்கொள்ளும் உரிமை தேவையா என்ற வினாவுக்கு விடை எளிது. தேவை. பள்ளியில் வருகைப்பதிவின்போது ஒவ்வொரு நாளும் தன் பாட்டனின் முதல் நாளை உரக்கக் கேட்க வேண்டிய கட்டாயம் எந்தச் சிறுவனுக்கும் இருக்கக் கூடாது. பெயரை விட்டவரை வரலாற்றை மறுத்தவர் என்று குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் மாற்றுவதே தீர்வு என்று அரசும் சமூகமும் மனநிறைவு கொள்வது வேறு. ஹவானா காட்டிய பாடம் அதுவே: பெயர் மாறினால் இழிவு புதிய பெயருக்குக் குடிபெயரும். 1794இன் ஆணை ஊராரின் நாவைக் கட்டியது. 1921இன் சட்டம் பாதிக்கப்பட்டவரையே வந்து விண்ணப்பிக்கச் சொன்னது. பிறப்பைக் கொண்டு மதிப்பிடும் பழக்கத்தையே தொட்டது, பிள்ளைகள் அனைவரும் எவ்வழிப் பிறந்தாலும் சட்டத்தின் முன் சமம் என்று 1978ஆம் ஆண்டு அரசமைப்பின் 39ஆம் பிரிவு சொன்னபோதுதான். அந்தப் பழக்கம் தளர்ந்த பின்னரே இப்பெயர் பிற பெயர்களைப் போல ஒரு பெயராயிற்று. இன்றைய ஸ்பெயினில் எக்ஸ்போசித்தோ என்ற பெயரைக் கேட்டு அதன் பொருளை எண்ணுவோர் குறைவு. சொல் அப்படியே இருக்க, வாசிப்பு மாறியிருக்கிறது. ஹவானாவில் நிகழ்ந்ததற்கு நேர் எதிரானது இது. உண்மையான வெற்றியும் இதுவே.

விட்டவர்கள் இருக்க, விடாதவர்களும் இருந்தனர். 20ஆம் நூற்றாண்டு அர்ஜென்டினாவின் தாங்கோ இசையில் இரு உடன்பிறப்புகள் புகழ்பெற்றனர். 1944இல் அவர்கள் சேர்ந்து படைத்த 'நாரான்ஹோ என் புளோர்' இன்றும் பாடப்படுகிறது. பாடலாசிரியரான மூத்தவரின் பெயர் ஹோமரோ; இசையமைப்பாளரான இளையவரின் பெயர் விர்கீலியோ. கிரேக்கத்தின் ஆதிகவியும் உரோமையின் பெருங்கவியும் ஒரு வீட்டின் இரு பிள்ளைகளுக்குப் பெயராயினர். அவர்களுடைய குடும்பப்பெயர் எக்ஸ்போசித்தோ. பதிவேடு தந்த பெயரை அந்த வீடு மாற்றவில்லை. அதற்கு முன்னால் இட வேண்டிய பெயரைத் தானே தேர்ந்தெடுத்தது.